சொகுசுக் கப்பல் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் கப்பல் பயணங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தத் தடத்தில் அடிக்கடி பயணம் செய்துவரும் நம் கட்டுரையாளர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரைக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அம்மாவுக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா? எந்த அறையைக் கேட்டு வாங்க வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் கப்பலின் பெயரையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன் கடலையும் மாதத்தையும் பாருங்கள். மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் சுமத்ரா தீவும் மறுபுறம் மலாய்த் தீபகற்பமும் அரணாக நிற்பதால், பெருங்கடலின் நீண்ட அலைகள் அங்கே வலுவிழந்துவிடுகின்றன. முதல் பயணத்திற்கு அந்தத் தடத்தை நான் பரிந்துரைப்பதற்கு அதுவே முதன்மையான காரணம். சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணம் விமானச் செலவை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். எனினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலம் என்பதால், உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த மூன்று மாதங்கள் வேண்டாம்.

அறையைப் பொறுத்தவரை, ஏற்றப்பலகை விளையாட்டில் இரு முனைகளும் ஏறி இறங்க நடுப்பகுதி ஏறக்குறைய அசையாமல் இருப்பதைப் போலவே கப்பலும் நடந்துகொள்கிறது. ஆகவே கப்பலின் நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகளில்தான் ஆட்டம் குறைவாகத் தெரியும். நவீனக் கப்பல்களின் இரு பக்கங்களிலும் நீருக்கடியில் நீளும் துடுப்புகள் பக்கவாட்டு உருளலைப் பெரிதும் தணிக்கின்றன. முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும் அசைவை அவற்றால் அவ்வளவாகத் தணிக்க முடியாது. குமட்டலுக்குக் காரணம், உட்காது உணரும் அசைவைக் கண்கள் காணாததுதான். எனவே சன்னலோ பால்கனியோ உள்ள அறையில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவது பெரிய உதவி. சன்னலே இல்லாத உள் அறை விலை மலிவு. நன்றாகத் தூங்குபவர்களுக்கு அது போதும், உங்கள் அம்மாவுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பதிவு செய்வதற்கு முன், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தளங்களின் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் தேர்ந்த அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத் தளத்திற்கு நேர் கீழே அறை அமைந்தால், பொழுது விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசை தலைக்கு மேல் கேட்கத் தொடங்கிவிடும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளம் நல்லது. பெரிய கப்பல்கள் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ளவை என்பதால், உணவுக்கூடத்திற்கு மூன்று வேளையும் நடக்க வேண்டிய முதியவர்களுக்கு மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறை அவசியம். ஆனால் அதற்கு நேர் எதிரே வேண்டாம்.

மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதில் பயன் குறைவு. முன்கூட்டியே போட வேண்டும். வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைப்பவை; கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ள முதியவர்களுக்கு அவற்றில் சில தொல்லை தரக்கூடும். ஆகையால் இருவரையும் ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் காணும் கட்டணத்திற்கு மேல் எவ்வளவு செலவாகும்? (வாசகர், ஈரோடு)

கட்டணத்தில் அறை, பொது உணவுக்கூடங்களில் உணவு, அரங்க நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கும். துறைமுக வரி பெரும்பாலும் தனி. பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகை பல கப்பல்களில் உங்கள் கணக்கில் தானாகவே ஏறிவிடும். அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை. 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு நான்கு இரவுகளுக்கு 144 டாலர். அந்தப் பணம் உங்கள் படுக்கையை விரிப்பவருக்கும், தட்டை எடுப்பவருக்கும், கண்ணில் படாமல் சலவை செய்பவருக்கும் பங்காகிறது. ஆகவே அதை நீக்கச் சொல்லிக் கேட்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

தனியாகப் பயணம் செய்பவர் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். அறைக் கட்டணம் இருவர் தங்குவதாக வைத்தே கணக்கிடப்படுவதால், ஒருவரே தங்கினாலும் இருவர் கட்டணத்தைச் செலுத்த நேரிடலாம். துணைக்கு ஓர் உறவினர் கிடைத்தால் செலவு பாதியாகும்.

கரையில் இறங்கும்போது நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்க வேண்டுமா? நாமே சுற்றிவர முடியாதா? (வாசகர், திருநெல்வேலி)

இதற்கு விடை துறைமுகத்திற்குத் துறைமுகம் மாறும். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியாவிற்குப் போய்விடலாம். 1833-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் அருள்மிகு மகா மாரியம்மன் கோயில் குவீன் தெருவில் உள்ளது. தமிழில் வழி கேட்டுத் தமிழிலேயே பதில் பெற்று, கோயிலில் கும்பிட்டு, வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்புவதற்கு எந்தச் சுற்றுலாச் சீட்டும் தேவையில்லை.

போர்ட் கிள்ளானில் நிலைமை வேறு. கோலாலம்பூர் அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முருகன் கோயில் உள்ள பத்துமலை, அந்த நகரத்தையும் தாண்டி வடக்கே இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம், அதற்கு மேல் முருகனைக் காண 272 படிகள் ஏற வேண்டும். கப்பல் நிற்பது சில மணி நேரமே என்றால், இங்கே நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்குங்கள். அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்களே அமர்த்திய வாடகைக் காருக்காகக் காத்திருக்காது.

புக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, துணைப் படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரை இறங்கியதும் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்திற்கு மாறிவிடும். கப்பலோ பல சமயங்களில் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கும். ஒருமுறை அந்தப் படகுத்துறையில் நான் வரிசையில் நின்றிருந்தபோது, கையில் இளநீரோடு நிதானமாக நடந்துவந்த ஒரு குடும்பம் தங்கள் கைப்பேசியில் மணி மூன்றரைதான் என்று காட்டியது. படகு ஊழியர் தம் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார், அதில் நான்கரை. கடைசிப் படகு அதுதான். ஆகவே சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்திற்கு வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்த விரிகுடா கொந்தளிக்கும். படகுகள் இறக்க முடியாமல் துறைமுகமே ரத்தாவதும் உண்டு.

ரத்து என்றதும் நினைவுக்கு வருகிறது: 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டீலியா கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை. வானிலையோ அரசின் முடிவோ எதுவாக இருந்தாலும், துறைமுகத்தை மாற்றும் உரிமை பயண ஒப்பந்தத்தில் நிறுவனத்திற்கு எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட ஒரே ஊருக்காக மட்டும் கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நாங்கள் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத சைவர்கள். பட்டினி கிடக்க நேருமா? (வாசகி, மயிலாப்பூர்)

நேராது, ஆனால் முன்பே சொல்லியாக வேண்டும். பதிவு செய்யும்போதே சமண உணவு என்று குறிப்பிடச் சொல்லி, ஏறிய முதல் நாள் மாலையில் உணவுக்கூட மேற்பார்வையாளரை நேரில் பார்த்து நினைவூட்டுங்கள். மறுநாள் சமையலுக்கு அவர்கள் முதல் நாளே திட்டமிடுவதால் இந்தச் சந்திப்பு மிகவும் பயன்படும். பஃபே வரிசையில் நுழையுமுன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் பரப்பும் நோரோ வைரஸ், வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவத்திற்கு அவ்வளவாக மசிவதில்லை.

கைப்பேசி வேலை செய்யுமா? (வாசகர், சேலம்)

நடுக்கடலில் கைப்பேசி செயற்கைக்கோள் வழியான கடல்சார் இணைப்பைப் பற்றிக்கொண்டால், கட்டணம் ஆயிரக்கணக்கில் ஏறலாம். கப்பல் புறப்பட்டதும் விமானப் பயன்முறைக்கு மாற்றி, தேவையானால் கப்பலின் வைஃபை தொகுப்பை வாங்குங்கள்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? எந்த ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

ஆவணங்களை முதலில் பாருங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரில் விமானத்தில் இறங்கி, கப்பலில் வெளியேறி, மீண்டும் உள்ளே வருகிறீர்கள் என்பதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவே வேண்டும். கையில் வந்ததும் அதில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். ஆகவே மருந்து, கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கம்பி போன்றவற்றைத் தீ விபத்தை அஞ்சி அனுமதிப்பதில்லை. அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகளால் ஆனவை என்பதால், காந்தக் கொக்கிகள் நான்கைந்து கொண்டுபோனால் தொப்பியும் பையும் தொங்கவிடலாம்.

பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கப்பல் மருத்துவமனையில் சாதாரணக் காய்ச்சலுக்கே கணிசமான தொகை டாலரில் வாங்குவார்கள். நெஞ்சுவலி போன்ற நிலையில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவு குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடியது. முன்பே உள்ள நோய்களுக்கும், கரைக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கும் ஈடு உண்டா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.