அயர்லாந்தில் தேடும் முன் ஆஸ்திரேலியாவில் தேடுங்கள்

வேர் தேடுவோம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை அயர்லாந்து பற்றிய கேள்விகளே அதிகம் வந்திருக்கின்றன. ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்கள்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். மெல்பர்னில் ஒரு நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் நாள் முழுக்க இதே வேலையைத்தான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அன்புள்ள அக்கா, என் மாமியாருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. தன் முன்னோர் அயர்லாந்தில் எந்த ஊர் என்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூட வேண்டும் என்கிறார். ‘கிளேர் கவுண்டி’ (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) என்ற பேச்சு மட்டும் வீட்டில் உண்டு. அவருடைய கொள்ளுப்பாட்டி 1880களில் விக்டோரியாவில் கொராய்ட் பக்கம் இறந்திருக்கிறார். அயர்லாந்துப் பதிவுகளை இணையத்தில் தேடினால் அதே பெயரில் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, ஜீலாங்

அயர்லாந்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், சகோதரி. என் மேசைக்கு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் இருக்கிறது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. முழுதாக மிஞ்சியவற்றில் பழையது 1901ஆம் வருஷக் கணக்கெடுப்புதான். அதற்குள் உங்கள் மாமியாரின் கொள்ளுப்பாட்டி கப்பலேறி, கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, இறந்தும் விட்டார். அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் அரசு பதிய ஆரம்பித்ததே 1864இல். அவர் அதற்கு முன்பே பிறந்திருப்பார்.

ஆனால் விக்டோரியா எழுதி வைத்தது. இங்கே 1853 ஜூலையில் பதிவு தொடங்கியது. அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த விக்டோரியா இறப்புச் சான்றிதழில் கேட்ட அளவுக்கு இங்கிலாந்துகூடக் கேட்கவில்லை. இறந்தவரின் அப்பா பெயர், அப்பாவின் தொழில், அம்மாவின் பெயர், கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்கு இருந்த குடும்பப் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை வருஷம் இருந்தார், எங்கே, எந்த வயதில், யாரைக் கட்டினார், பிள்ளைகளின் பெயரும் வயதும், எங்கே அடக்கம் – இத்தனையும் ஒரே தாளில் இருக்கும். கட்டணம் உண்டு. பரவாயில்லை, அந்தப் பாட்டியின் இறப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள்.

வாங்கியதும் எல்லாரும் பிறந்த இடம் இருக்கும் கட்டத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் ‘தகவல் தந்தவர்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். கணவர் சொல்லியிருந்தால் அம்மா பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். மகன் சொல்லியிருந்தால், அவன் தன் தாத்தா பாட்டியைப் பார்த்ததே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அடக்கம் செய்ய வந்தவரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லியிருந்தால் ‘தெரியாது’ என்றே இருக்கலாம். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். அவருடைய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுங்கள். விக்டோரியாவில் அவற்றிலும் அப்பா, அம்மா இருவரும் பிறந்த இடம் கேட்டார்கள். ஒரு குழந்தைக்கு ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கும். அடுத்த குழந்தைக்கு ‘கிளேர்’ என்று இருக்கும். மூன்றாவதற்கு ஊர் பெயரே வந்து விழும். அப்புறம் கூடப்பிறந்தவர்கள். ஒருவர் வந்து, அவர் சம்பாதித்துத் தங்கையைக் கூப்பிட்டு, தங்கை தம்பியைக் கூப்பிட்டு என்றுதான் ஐரிஷ்காரர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். உங்கள் பாட்டியின் சான்றிதழில் இல்லாத ஊர் அவர் தம்பியின் சான்றிதழில் இருக்கலாம்.

கொராய்ட் பக்கம் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த எரிமலை மண்ணில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த ஐரிஷ் குடும்பங்கள் ஏராளம். பக்கத்தில் இருக்கிற போர்ட் ஃபேரிக்கு 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றுதான் பெயர். ஆகவே ‘பெல்ஃபாஸ்டில் கல்யாணம்’ என்று பார்த்ததும் வட அயர்லாந்துக்குத் தாவிவிடாதீர்கள். கிளேர்காரப் பெண் பெல்ஃபாஸ்டில் கல்யாணம் செய்துகொண்டார் என்று குழம்பி நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் நடந்தது நம் விக்டோரியாவிலேயே, கொராய்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்.

காலனியில் இருந்த வருஷங்களைக் கழித்தால் வந்த வருஷம் தோராயமாகக் கிடைக்கும். அதை வைத்து விக்டோரியா ஆவணக் காப்பகத்தின் கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடுங்கள். அரசு உதவியோடு வந்தவர்களுக்கு 1839 முதல் 1871 வரை ஒரு பட்டியலும், சொந்தக் காசில் வந்தவர்களுக்கு 1852இலிருந்து இன்னொன்றும் உண்டு. இரண்டும் இலவசம். வயதை அப்படியே நம்ப வேண்டாம்; உதவிப் பயணம் கிடைப்பதற்காகக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். பெயரின் எழுத்தையும் நம்ப வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஐரிஷ் குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் ‘ஓ’ ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

அப்புறம் ட்ரோவ். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாக ஏற்றி வைத்திருக்கும் இடம். இறப்புச் செய்திகளில் ‘கிளேர் கவுண்டி, இன்ன பங்கைச் சேர்ந்தவர்’ என்று எழுதுவது அன்றைய வழக்கம். பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். ‘கிளேர் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்யவும்’ என்ற வரியும் கடைசியில் இருக்கும். ஊரில் மிச்சமிருந்த சொந்தங்களுக்குச் சேதி போய்ச் சேரும் வழி அது. கொராய்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டவர் ஹில் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஐரிஷ்காரர்கள் கல்லறைக் கல்லில் கவுண்டியையும் சில சமயம் பங்கின் பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

பங்கின் பெயர் கைக்கு வந்த பிறகு அயர்லாந்துக்குப் போகலாம். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியது, அதுவும் இலவசமாக. இந்தப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்தத் தேவாலயங்களிலேயே இருந்ததால் 1922 தீயிலிருந்து தப்பின. சில பக்கங்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரும், ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோர் பெயர்களும் இருக்கும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமாதான். அவர்களையும் குறித்து வையுங்கள். தலைமகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மா வழிப் பாட்டி பெயர் வைக்கிற வழக்கம் அங்கேயும் இருந்தது. எல்லாரும் கடைப்பிடித்ததில்லை என்றாலும், ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் நிற்கும்போது நம்முடையது எது என்று கண்டுபிடிக்க உதவும்.

கடைசியாக கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுக்க வீடு, நிலம் வைத்திருந்தவர்களை வரிக்காகக் கணக்கெடுத்த ஆவணம். கிராமத்தைவிடச் சிறிய டவுன்லேண்ட் வரைக்கும் அதில் உண்டு, கூடவே வரைபடமும். உங்கள் மாமியாருக்கு வேண்டியது அந்த டவுன்லேண்டின் பெயர்தான். அது கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஆவலாகக் காத்திருப்பேன்.

மகனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமனாரிடம் கேட்டால், ‘எங்கள் குடும்பத்தில் ஒருத்தி பஞ்சத்தில் அநாதையாக வந்தாள்’ என்கிறார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. இப்படியும் ஒரு பட்டியல் இருக்குமா?
– ஒரு வாசகி, சிட்னி

இருக்கிறது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, 1848 முதல் 1850 வரை, அயர்லாந்தில் வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதிகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட இளம்பெண்களை பிரிட்டிஷ் காலனிகள் அமைச்சர் ஏர்ல் கிரேயின் பெயரிலான திட்டத்தின் கீழ் சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் 14 வயதுக்கு மேற்பட்ட பதின்வயதுப் பிள்ளைகள். ஐரிஷ் பஞ்ச நினைவுக் குழு அவர்களின் பெயர்களை இணையத்தில் பட்டியலாக வைத்திருக்கிறது. பெண்ணின் பெயர் அல்லது கப்பல் பெயரை வைத்துத் தேடலாம். சிட்னிக்கு வந்தவர்கள் பலருக்குப் பிறந்த ஊர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதோடு பெற்றோர் பெயரும், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதும் பதிவாகியிருக்கும். அம்மா உயிரோடு இருந்தும் ‘அநாதை’ என்று வந்த பெண்கள் உண்டு. பையனுக்கு அதையும் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சோறு போட வழியில்லாத தாய் அனுப்பி வைத்த பெண்கள் அவர்கள்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மரப்பெட்டி. அதில் ஆறு உள்ளாடைகள், இரண்டு ஃபிளானல் பாவாடைகள், ஆறு ஜோடிக் காலுறைகள், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு கவுன். பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தம் என்று கிடைத்தவை அவையாகத்தான் இருந்திருக்கும். தாமஸ் ஆர்புத்நாட் என்ற கப்பல் 1850 பிப்ரவரியில் சிட்னி வந்தது. அதன் மருத்துவர் சார்லஸ் ஸ்ட்ரட், கரையில் விட்டுவிட்டுப் போகாமல், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை வண்டிகளில் உள்நாட்டு ஊர்களான யாஸ், குண்டகாய் வரை தானே கூட்டிப் போய் நல்ல வீடாகப் பார்த்து வேலைக்கு அமர்த்தினார். இந்த மனிதரை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

நீங்கள் சிட்னியில்தானே இருக்கிறீர்கள், பையனை ஹைட் பார்க் பாரக்ஸுக்குக் கூட்டிப் போங்கள். வந்திறங்கிய பெண்கள் தங்கிய கட்டடம் அதுதான். அதன் மதில் சுவரில் 1999இல் அமைத்த நினைவிடத்தில் பெண்களின் பெயர்கள் கண்ணாடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கணவரின் முன்னோர் ஒருவர் கைதியாக டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்று ஒரு சித்தப்பா சொல்லிவிட்டார். மாமியாருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தோண்டலாமா?
– ஒரு வாசகி, ஹோபார்ட்

தோண்டலாம், ஆனால் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தோண்டுங்கள். அவர் தலைமுறைக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாக வளர்க்கப்பட்டது. ஆவணத்தில் இருப்பதைப் பார்த்தால் அவரே மனம் மாறக்கூடும். ஆடு திருடியதற்கும் துணி திருடியதற்கும் ஏழு வருஷம் நாடு கடத்தியிருக்கிறார்கள். பஞ்ச வருஷங்களில் வயிற்றுக்காகத் திருடியவர்கள் அதிகம்.

ஐரிஷ் கைதிகளின் வம்சத்தைத் தேடுவது ஒரு வகையில் சுலபம். விருப்பப்பட்டு வந்தவரைப் பற்றி அரசு ஒரு வரி எழுதும். கைதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். 1853 வரை டாஸ்மேனியா வந்தவர்களின் நடத்தைப் பதிவேடுகள் மாநில நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். உயரம், கண்ணின் நிறம், தழும்பு, தொழில், பிறந்த ஊர், சில சமயம் ஊரில் விட்டு வந்த அப்பா, அண்ணன், தங்கை பெயர்கள்கூட. ஐரிஷ் பக்கம் 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் 1922 தீயில் போயின. ஆனால் கைதிகளும் மனைவிமார்களும் தண்டனையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய மனுக்கள் பல தப்பியிருக்கின்றன. டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் பெயர் போட்டுத் தேடலாம்.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் ஊர் பெயர் வந்துவிடுமா?
– ஒரு வாசகர், அடிலெய்ட்

வராது. அயர்லாந்தின் எந்தப் பகுதி என்று ஓரளவு சொல்லும், அவ்வளவுதான். உண்மையில் பயன்படுவது, உங்கள் ரத்தத்தோடு ஒத்துப்போகும் தூரத்துச் சொந்தங்களின் பட்டியல். அவர்களில் ஒருவர் இன்னும் அதே ஊரில் இருக்கலாம். நம் டி.என்.ஏ.வில் ஒரு முன்னோரிடமிருந்து வந்த அளவு தலைமுறைக்குத் தலைமுறை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆகவே வீட்டில் மூத்தவர் யாரோ, அத்தையோ பெரியப்பாவோ, அவரை எடுக்கச் சொல்லுங்கள். எதிர்பாராத உறவுகள் வெளிவரக்கூடும் என்பதையும் எடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இப்போதைக்கு முன்னோரின் சான்றிதழையே வாங்குங்கள்.