முக்காடு: இந்த முறை வந்த கேள்விகள்

ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்கிறேன்: ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளில் (மார்க்கச் சட்ட வழிமுறைகளில்) எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

தொழும்போது நெற்றி ஓரத்தில் நாலு முடி வெளியே தெரிந்துவிட்டது. தொழுகை கூடுமா?

மத்ஹபை எழுதவில்லை, பாருங்கள். ஹனஃபி என்றால், கால் பங்குக்கும் குறைவாகத் தெரிந்ததற்காகத் தொழுகை முறியாது. ஷாஃபிஈ என்றால், கொஞ்சம் தெரிந்தாலும் கணக்குத்தான். ஆனால் காற்றில் விலகியதை அந்தக் கணமே இழுத்து மூடிவிட்டால் தொழுகை கூடும்.

குர்ஆனில் தலையை மூடச் சொல்லவே இல்லை, மார்பை மறைக்கத்தான் சொல்லியிருக்கிறது என்கிறாள் என் கல்லூரித் தோழி. உண்மையா?

குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தை (24:31) முழுதாகப் படியுங்கள். 'தங்கள் முக்காடுகளை மார்பின் மீது போட்டுக்கொள்ளட்டும்' என்கிறது வசனம். அந்தக் காலத்துப் பெண்கள் தலையில் துணி போட்டிருந்தார்கள். ஆனால் இரு முனைகளையும் முதுகுப்பக்கம் தள்ளிவிடுவார்கள். கழுத்தும் மார்பும் திறந்திருக்கும். அந்த முனைகளை முன்னால் கொண்டுவரச் சொன்னதுதான் கட்டளை, தலையில் இருப்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை. வசனம் இறங்கியதும் முஹாஜிர் பெண்கள் (மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள்) தங்கள் கீழாடைத் துணியைக் கிழித்து முக்காடாக்கிக்கொண்டார்கள் என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்வது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. கூந்தல் விஷயத்தில் நான்கு மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. முகம் பற்றித்தான் உண்டு. இந்தக் காலத்தில் வேறு மாதிரி விளக்கம் சொல்பவர்களையும் படித்திருக்கிறேன். எனக்கு அது ஏற்கும்படி இல்லை. தோழியோடு சண்டை போடாதீர்கள், உட்கார்ந்து இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

கறுப்புதான் அணிய வேண்டுமா?

இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் பச்சை முக்காடு போட்டுக்கொண்டு வந்ததும் புகாரியில் இருக்கிறது. நிறத்தைவிட அடர்த்திதான் முக்கியம். தம் சகோதரர் மகள் ஹஃப்ஸா மெல்லிய முக்காடோடு வந்தபோது, அதைக் கிழித்துவிட்டுக் கனமான ஒன்றைப் போட்டுவிட்டார்கள் ஆயிஷா (ரலி). இது இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் உள்ளது. துணி எடுக்கும்போது உள்ளங்கையை அடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரேகை தெரிந்தால் அது வேண்டாம்.

மகளுக்கு 6 வயது. முக்காடு போட்டால் பிய்த்து எறிகிறாள். முடியைக் காட்டிய பெண்களை நரகத்தில் கூந்தலால் கட்டித் தொங்கவிட்டிருந்ததை நபி (ஸல்) மிஃராஜில் (விண்ணேற்றப் பயணத்தில்) கண்டார்கள் என்ற ஹதீஸ் வாட்ஸ்அப்பில் படத்தோடு வந்தது. அதைக் காட்டினேன். இப்போது ராத்திரியில் பயந்து அழுகிறாள். என்ன செய்வது?

சகோதரி, முதலில் அந்தப் படத்தை அழியுங்கள். அப்புறம் மகளிடம், 'அது பொய், அம்மா விசாரிக்காமல் காட்டிவிட்டேன்' என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வேறு யார் சொன்னாலும் அந்தப் பயம் போகாது.

அந்தச் செய்தி புகாரியில் இல்லை, ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பிலும் இல்லை. யாரிடமிருந்து யார் கேட்டுச் சொன்னார் என்று காட்டும், நம்பத் தகுந்த அறிவிப்பாளர் தொடர் எதுவும் அதற்குக் கிடையாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன்பு துண்டுப் பிரசுரம், பிறகு பயான் (மார்க்க உரை) ஒலிநாடா, இப்போது கைபேசியில் தீயும் ரத்தமும் வரைந்த படம். எனக்கு இதே படத்தைப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது 'எந்த நூல், யார் அறிவித்தது' என்று கேட்டதில்லை. 'என் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவன் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும்' என்பது நபிமொழி. அறுபது எழுபது நபித்தோழர்கள் வழியாக வந்தது, இதைவிட உறுதியாக வந்த ஹதீஸைக் காண்பது அரிது. நரகத்துக்குப் பயந்து படம் அனுப்புகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது இந்த எச்சரிக்கைக்குத்தான். நல்லெண்ணத்தோடு அனுப்பினேன் என்பது சாக்கு ஆகாது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே வருகிறது.

அடுத்தது வயது. 6 வயதுக் குழந்தைக்கு முக்காடு கடமையே இல்லை. மாதவிடாய் வந்த பிறகுதான் கடமை. வரத் தாமதமானால், சந்திரக் கணக்கில் 15 வயது நிறைந்த பிறகு. ஏழு வயதில் ஏவுங்கள் என்ற ஹதீஸ் தொழுகைக்கு வந்தது, அதைக் கொண்டுவந்து முக்காட்டில் ஒட்டாதீர்கள். பழக்கலாம், தவறில்லை. நீங்கள் தொழும்போது பக்கத்தில் அவளும் ஒரு சின்னத் துணியைப் போட்டுக்கொள்ளட்டும். இழுத்து எறிந்தால் எறியட்டும். தாடைக்கு அடியில் ஊசி குத்தி இறுக்கிவிட்டு, வியர்த்து அரிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதட்டுவது பழக்குவது ஆகாது. அப்படி வளர்ந்த பெண்கள் இருபது வயதில் எனக்கு எழுதும் கடிதங்களைப் படித்திருக்கிறேன், மனசு வலிக்கிறது.

கதை சொல்ல வேண்டுமா? நபி (ஸல்) தம் பேத்தி உமாமாவைத் தூக்கி வைத்துக்கொண்டே தொழுதார்கள்; ஸஜ்தாவுக்கு (தரையில் நெற்றி வைக்க) போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள். இது புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது. இன்று ராத்திரி தூங்கும் முன் இதைச் சொல்லுங்கள்.

முகமும் கையும் தவிர எதுவும் தெரியக்கூடாது என்று அஸ்மா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்ன ஹதீஸை மேடையில் பேசப்போகிறேன். பேசலாமா?

பேசுங்கள், ஆனால் முழுதாக. ஆயிஷா (ரலி) சொன்னதாக காலித் என்பவர் அறிவிக்கும் செய்தி அது. அதைப் பதிவுசெய்த அபூதாவூதே, 'அறிவிப்பாளர் காலித் ஆயிஷாவைச் சந்தித்ததில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார். தொடர் அறுந்த செய்தி. வேறு அறிவிப்புகளால் வலுப்பெறுகிறது என்பவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். மறுபடியும் அதேதான்: எந்த நூல், யார் அறிவித்தது.

என் மனைவி முக்காடு போடுவதில்லை. என் தொழுகை ஏற்கப்படுமா? அவளை என்ன செய்யலாம்?

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் (6:164). உங்கள் தொழுகை உங்களோடு. என்ன செய்யலாம் என்று கேட்டீர்களே, 24:31க்கு முந்தைய வசனத்தைப் படியுங்கள். ஆண்கள் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்ற கட்டளைதான் முதலில் வருகிறது. ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள், அதில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்பாக எடுத்துச் சொல்லலாம். அதட்டக்கூடாது, ஊரார் முன் பேசக்கூடாது.

கணவரின் தம்பி கூடவே இருக்கிறார். சின்ன வயதிலிருந்து பார்த்த பையன். வீட்டுக்குள்ளும் முக்காடு வேண்டுமா?

வேண்டும். கொழுந்தன் மஹ்ரம் (மணமுடிக்கவே கூடாத உறவு) இல்லை. மாமனார் மஹ்ரம். சிற்றப்பா, பெரியப்பா, மாமா ஆகியோரின் மகன்களும் மஹ்ரம் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் சிரமம்தான், தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொழுகை முக்காட்டை மாட்டி வையுங்கள்.

ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்துக்கு) முக்காட்டைக் கழற்ற வேண்டுமா? வெளியிடங்களில் முடிவதில்லை.

கழற்ற வேண்டியதில்லை, ஈரக் கையை உள்ளே விட்டுத் தலையைத் தடவலாம் (மஸ்ஹு). ஷாஃபிஈயில் சில முடிகள் நனைந்தால் போதும், ஹனஃபியில் கால் பங்கு, மாலிகியில் முழுத் தலை. முக்காட்டின் மேலேயே தடவும் சலுகை ஹன்பலியில் உண்டு.

சறுக்காமல் கட்ட ஏதாவது வழி?

உள்ளே பருத்தித் தொப்பி. அதைவிட முக்கியமாக ஒன்று: குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டாதீர்கள். ஒரு தும்மலோ சிரிப்போ போதும், ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இப்படி வந்த இளம்பெண்களைப் பற்றி மருத்துவர்கள் ஆய்விதழ்களில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். காந்த ஊசி போடுபவர்கள் எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் மறக்காமல் கழற்றுங்கள்.

சில நாடுகள் தடுக்கின்றன, சில கட்டாயப்படுத்துகின்றன. உங்கள் நிலை?

இரண்டும் தவறு. ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் ரிஸா ஷா முக்காட்டைத் தடைசெய்தபோது காவலர்கள் தெருவில் பெண்களின் தலையிலிருந்து துணியைப் பிடுங்கினார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அதே தெருக்களில் போடாதவர்களைப் பிடித்தார்கள். பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தடுத்தது. இது அல்லாஹ்வுக்காகச் செய்யும் வணக்கம். காவலருக்குப் பயந்து போடுவதில் அந்த நிய்யத் (எண்ணம்) எங்கே இருக்கிறது?

முக்காடு போட்டுக்கொண்டு கோபத்தில் கத்துகிறேன். நயவஞ்சகம், கழற்றிவிடு என்கிறார்கள்.

கழற்றாதீர்கள் மகளே. கோபத்தை அடக்குவது ஒரு கடமை, இது வேறொரு கடமை. ஒன்றில் தவறினால் அதைத் திருத்தப் பாருங்கள், இன்னொன்றையும் ஏன் விட வேண்டும்?

பாட்டிக்கு 80 வயது. வெளியே போகும்போது மேலாடையை மறந்துவிடுகிறார். குற்றமா?

இல்லை. 24:60 முதியவர்களுக்குச் சலுகை தருகிறது. பாட்டியை விடுங்கள்.

முதல் உம்ரா (மக்கா புனிதப் பயணம்). பெண்களுக்கு வெள்ளை இஹ்ராம் உடை கட்டாயமா? நிகாப் (முகத்திரை) போடலாமா?

வெள்ளை கட்டாயமில்லை, வழக்கமான உடையே இஹ்ராம். நிகாபும் கையுறையும் கூடாது, ஹதீஸ் தெளிவாக இருக்கிறது. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் ஸஃயு முடிந்ததும், முடி வெட்டி உம்ராவை முடிப்பதற்காக மர்வாவில் ஆண்கள் நடுவிலேயே முக்காட்டைத் தூக்கிக் கத்தரிக்கோலை நீட்டும் பெண்களைப் பார்க்கலாம். அவசரமே இல்லை. அறைக்குப் போய், கூந்தல் நுனியை ஒன்றாகப் பிடித்து, ஒரு விரல் நுனி அளவு வெட்டுங்கள். அதுவரை இஹ்ராம் நிலையின் தடைகள் நீடிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவிவிடாதீர்கள்.