கூடப் போவது யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு மாலை, சங்ககிரி சாலையில் இருசக்கர வண்டியில் சென்ற இளைஞர் ஒருவர் சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தார். நானும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். ஐந்து நிமிடத்துக்குள் முப்பது பேராவது கூடிவிட்டோம். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம் என்றார். யாராவது 108-க்குச் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். எதிர்ப்புறத் தேநீர்க் கடைப் பெண்மணி வந்து, "போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் ஒருவருமே அழைக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் பத்து நிமிடம் போயிருந்தது. இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முப்பது கைப்பேசிகள் இருந்த இடத்தில் அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் அலுவலகப் பயிற்சி ஒன்றில், நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்படுவதை 38 பேர் வேடிக்கை பார்த்த கதையைச் சொன்னார்கள். நாமும் அப்படி ஆகிவிட்டோமா? மனிதர்களிடம் ஈரம் வற்றிவிட்டதா?

ச., திருச்செங்கோடு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதலில் அந்த 38 பேரின் கதையைச் சரிசெய்துவிடுகிறேன். உங்கள் குற்றவுணர்வில் பாதி அங்கிருந்து வந்தது என்று தோன்றுகிறது.

1964 மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்ட செய்தியிலிருந்துதான் வேடிக்கை பார்த்த கூட்டம் என்ற கதை உலகமெங்கும் பரவியது. உண்மையில் நடந்ததை ஓரளவுக்காவது கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே; இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்புற நுழைவாயிலுக்குள், தெருவில் எவர் கண்ணிலும் படாத இடத்தில் நடந்தது. சன்னலிலிருந்து ஒருவர் கத்தியதால் கொலைகாரன் ஒருமுறை விலகி ஓடியிருக்கிறான். அண்டை வீட்டுப் பெண் ஒருவர், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாத நிலையில் இறங்கி ஓடிவந்து, கிட்டியைக் கைகளில் தாங்கிக்கொண்டார். தன் பழைய செய்தி குறைபாடுடையது என்று அந்த நாளிதழே 2016-இல் ஒப்புக்கொண்டது. பயிற்சி வகுப்புகளில் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு: அவசர அழைப்புக்கான 911 என்ற எண் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1968-இல்தான்.

ஆனால் அந்தப் பிழையான செய்தி ஒரு நல்ல ஆய்வுக்கு வழிவிட்டது. ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒலிபெருக்கி வழியாக ஒருவரோடொருவர் பேசச் செய்தார்கள். பேச்சின் நடுவே ஒருவனுக்கு வலிப்பு வருவதுபோல, முன்கூட்டியே பதிவுசெய்த குரல் ஒலிக்கும். அதைத் தான் ஒருவன் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் அவ்வாறு செய்தவர்கள் 31 விழுக்காட்டினரே. 1968-இல் வெளியான இந்த ஆய்வில் எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு குறிப்பு. எழுந்து செல்லாதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது, "அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று அவர்களே முந்திக்கொண்டு கேட்டார்கள். ஈரம் வற்றியவர்கள் இப்படிக் கேட்பதில்லை. நாம் போகத்தான் வேண்டுமா, வேறு யாராவது போயிருப்பார்களா என்று முடிவெடுக்க முடியாமல் அவர்கள் நாற்காலியிலேயே தவித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்ககிரி சாலையில் உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். இன்னும் சொன்னால், நம் ஊர்க் கூட்டம் கைகட்டி நிற்கும் கூட்டமும் அல்ல. தண்ணீர் தெளிக்கும், விசிறும், வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் (இரும்பினால் வலிப்பு நிற்காது என்று எத்தனை மருத்துவர்கள் சொன்னாலும் அந்தச் சாவிக்கொத்து எங்கிருந்தோ வந்துவிடுகிறது). இவற்றையெல்லாம் செய்பவருக்குப் பெயர் இல்லை. செய்துவிட்டுக் கூட்டத்தோடு கலைந்துவிடலாம். தொலைபேசியில் அழைப்பவரும் வண்டியில் கூட ஏறிக்கொள்பவரும் அந்த நொடியிலிருந்து அந்த நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. நாம் தயங்குவது அந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

இதை நான் பிறரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. தமிழகத்தில் 108 ஊர்தி வருவதற்கு முந்தைய வருடம், 2007-இல், நான் அப்போது வேலைபார்த்த ஊரின் பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர் வலிப்பு வந்து நடைமேடை விளிம்பில் விழுந்து பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தார். தூக்குவதற்கு எட்டுக் கைகள் நீண்டன. ஆட்டோவில் படுக்கவைத்தாயிற்று. ஓட்டுநர் திரும்பி, "கூடப் போறது யாருங்க?" என்று கேட்டார். அந்த எட்டுக் கைகளும் எப்படி விலகின என்பதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அவற்றில் இரண்டு என்னுடையவை. ஓட்டுநர் இரண்டாம் முறை கேட்டபோது, நான் விளிம்பில் நின்றிருந்த ஒரே காரணத்தால் ஏறிக்கொண்டேன்.

மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்பது. உறவு ஒன்றும் இல்லை, விழுந்தார், கொண்டுவந்தேன் என்றேன். அவர் பேனாவை எடுக்காமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அழைத்துவந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, முகவரி கேட்டபோது நான் என் கதவு எண்ணை மாற்றிச் சொன்னேன். காவல் நிலையம், நீதிமன்றம், விடுப்பு என்று அந்த ஒரு நிமிடத்தில் என்னென்னவோ மனதில் ஓடியது.

அந்த அச்சத்துக்கு அன்று ஓரளவு நியாயம் இருந்தது, இன்று இல்லை. அவசர நிலையில் வந்தவருக்குச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆனால் அது அடிபட்டவருக்கான பாதுகாப்பு. கொண்டுவந்தவருக்கான பாதுகாப்பு 2016-இல்தான் அதே நீதிமன்றத்தின் வழியாகக் கிடைத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவும் இடம்பெற்றது. சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுசேர்ப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்மீது வழக்கும் வராது. தமிழக அரசு அவரை நற்கருணை வீரர் என்று அழைத்து ஊக்கத்தொகையும் தருகிறது. பதிவேட்டின் முன்னால் நிற்கும் ஒருவருக்கு இதெல்லாம் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்த முறை இப்படி ஒரு கூட்டத்தில் நிற்க நேர்ந்தால், "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். முதலுதவி கற்பிப்பவர்கள் சொல்வதுபோல, "நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க 108-க்குக் கூப்பிடுங்க" என்று ஒருவரை நேராகச் சுட்டுங்கள். சுட்டப்பட்டவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. அந்தத் தேநீர்க் கடைப் பெண்மணி கேட்ட ஒற்றைக் கேள்வியும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்திருக்கிறது.

அந்த முதியவரை மறுநாள் பார்க்கப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. மகன் வந்து வேறிடத்துக்கு அழைத்துப்போனதாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொன்னார். கொண்டுவந்தவர் யார், வீடு எங்கே என்று மகன் விசாரித்து, அந்த முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனாராம்.