பழம் அடைத்த பொம்பே டோஸ்ட், எண்ணெயும் சீனியும் குறைத்து

காலைச் சாப்பாட்டுக்கு எண்ணெய், சீனி அதிகம் இல்லாமல், உள்ளே பழம் வைத்துப் பிரெஞ்சு டோஸ்ட் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கொழும்பில் நாங்கள் இதைப் பொம்பே டோஸ்ட் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். அம்மா முட்டையில் சீனி கரைத்து, பாணை (பிரெட்டை) அதில் தோய்த்து, மாஜரினில் பொரித்துத் தருவா. நல்ல ருசி, ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டால் பத்து மணி வரைக்கும் நெஞ்சு கனக்கும்.

இதில் பாண்தான் முக்கியம். அன்றைக்குச் சுட்ட பாண் பாலில் பட்டதும் கூழாகிவிடும். முதல் நாள் வாங்கிய, வெட்டாத றாத்தல் பாண் எடுங்கள். சான்ட்விச் பாண் மெல்லியது, அதில் பழம் அடைக்க முடியாது. ஒன்றரை அங்குலத் தடிப்பில் வெட்டி, ஒரு விளிம்பில் மட்டும் கத்தி நுனியைக் குத்தி உள்ளே மெதுவாக அகட்டினால் பை மாதிரி வரும்.

உள்ளே வைக்க எனக்குப் பிடித்தது, தோல் கறுக்கத் தொடங்கிய கோலிக்குட்டு வாழைப்பழம். முள்ளுக்கரண்டியால் மசித்து ஒரு சிட்டிகை கறுவாத்தூள் சேர்த்தால் போதும், சீனி தேவையே இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கிற காலத்தில் அதையும் பொடியாக நறுக்கிப் போடுவேன். மாம்பழத்தைத் தனியாக வைத்தால் சாறு கசிந்து பாண் நனைந்துவிடும், ஆகவே மசித்த வாழைப்பழத்தோடு கலந்துதான் வைக்க வேண்டும். அன்னாசி என்றால் முதலில் சட்டியில் வதக்குங்கள். பச்சையாகப் பாலோடு சேர்ந்தால் கசக்கும்.

இரண்டு துண்டுக்கு ஒரு முழு முட்டை, இன்னொரு முட்டையின் வெள்ளைக்கரு, கால் கோப்பை ஆடை நீக்கிய பால், கொஞ்சம் உப்பு. பக்கத்துக்குப் பத்து விநாடி தோய்த்தால் போதும். நொன்ஸ்டிக் சட்டியில் அரைத் தேக்கரண்டி பட்டரைப் பூசி, முதலில், கத்தியால் குத்திய விளிம்பு கீழே இருக்கும்படி துண்டை அரை நிமிடம் நிறுத்திப் பிடியுங்கள். முட்டை வெந்து வாயை மூடிவிடும், பழம் வெளியே வராது. அப்புறம் படுக்க வைத்து, சிறு நெருப்பில் மூடி போட்டு மூன்று நிமிடம். திருப்பியதும் மூடியை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் மேல்பக்கம் மொறுமொறுப்பாக இருக்கும்.

மேலே இரண்டு கரண்டி கட்டித் தயிரும் ஒரு கொடித்தோடைப் பழத்தின் (பேஷன் ஃபுரூட்) சாறும் விடுவேன். சீனிக்குப் பழகிய வாய் என்றால் தொடக்கத்தில் ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிக்கொள்ளுங்கள். என் மகன் இரண்டாவது வாரத்திலேயே அதையும் வேண்டாம் என்றுவிட்டான்.