பழைய ஜீப்புக்கு ஸ்ப்ரே லைனர்: அடிக்கும் முன் தட்டிப் பாருங்கள்

கேள்வி: முப்பது வருடப் பழைய ஜீப். உள்தரையில் லைனர் அடித்துவிட்டால் துரு நின்றுவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். இந்த விஷயத்தில் சூடுபட்டவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லைனர் என்பது பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்கு அடிக்கிற சொரசொரப்பான பூச்சு. பாலியூரியாவோ பாலியூரித்தேனோ, தகட்டைப் பிடித்தால்தான் நிற்கும். துருவின் மேல் அடித்தால் துரு உதிரும்போது தானும் சேர்ந்து உதிரும். அதுவரை ஈரம் உள்ளேயே அடைபட்டு, தகட்டை நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

நான் ஒரு ஜீப் வாங்கியதே அதன் பளிச்சென்ற கறுப்புத் தரையைப் பார்த்துத்தான். இரண்டு மாதம் கழித்து சீட்டைக் கழற்றினால், போல்ட் பக்கத்தில் பூச்சு லேசாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், சருகு நொறுங்குகிற சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் கீழே இறங்கிவிட்டது, ஓட்டை வழியாக மண் தெரிந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஃபைபர் துணியும் பள்ளம் நிரப்பும் பட்டியும். விற்றவர் முழுப் பூசணிக்காயை மறைத்திருக்கிறார், நான் பூச்சை ரசித்திருக்கிறேன். அன்றிலிருந்து பழைய வண்டியில் புது லைனர் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரை முழுக்கத் தட்டுவேன். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டி பொத்தென்று சொல்லும்.

உங்கள் வண்டியில் கார்ப்பெட்டை எடுங்கள். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் வைப்பது முதல் வேலை. லைனர் அடித்த பிறகு வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து நச்சுப் புகை வரும். பழைய தார்ப் பூச்சின் மேல் லைனர் ஒட்டாது, அதை முழுக்கச் சுரண்டுங்கள். வெறும் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொல்லுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்ப்ரே அடிப்பது சின்ன வேலைதான்.

கேள்வி: லைனர் சத்தத்தையும் சூட்டையும் குறைக்குமா?

பதில்: சத்தம் கொஞ்சம் குறையும். சூட்டுக்கு இவ்வளவு மெல்லிய பூச்சு போதாது. சத்தம்தான் பிரச்சினை என்றால் பியூட்டைல் என்ற ரப்பர் ஷீட் ஒட்டுங்கள்.

கேள்வி: நானே டப்பா வாங்கிப் பூசினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. கூட வந்த சின்ன டப்பாவைத் திறக்கவே இல்லை.

பதில்: அது சும்மா துணைக்கு வந்தது என்று நினைத்தீர்களா? அதுதான் ஹார்டனர், பூச்சை இறுக வைப்பது. கலக்காமல் பூசினால் அடுத்த வருடமும் ஒட்டும். சுரண்டி எடுங்கள். அடுத்த டப்பாவின் லேபிளையாவது படியுங்கள்.

கேள்வி: மூடிய ஷெட்டுக்குள் துணி மாஸ்க் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: கூடாது. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கு நுரையீரல் ஒருமுறை ஒவ்வாமை கண்டுவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரலாம். துணி மாஸ்க்கால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: லைனர் அடித்தபின் சீட் போல்ட் உள்ளே போகவில்லை. தண்ணீர் வடியும் துளைகளும் அடைந்துவிட்டன.

பதில்: போல்ட் துளைகளில் பழைய போல்ட்டைத் திருகிவிட்டு அடித்திருக்க வேண்டும். இப்போது மரைகளில் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டுங்கள். வடிகால் துளைகளை இன்றே திறங்கள், இல்லாவிட்டால் தரை தொட்டியாகிவிடும். எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். பூச்சுக்கு மேல் முடுக்கினால் கரண்ட் பாயாது.

கேள்வி: கடையில்தான் அடித்தேன். ஒரே மாதத்தில் ஷீட் ஷீட்டாக உரிகிறது. "நீங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவியதால்தான்" என்று என் மேலேயே பழி போடுகிறார்கள்.

பதில்: மனசைத் தளரவிடாதீர்கள், தப்பு உங்களுடையது இல்லை. சேற்றையும் தண்ணீரையும் தாங்கத்தானே இந்தப் பூச்சையே அடிக்கிறோம்? உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் பழைய பெயிண்டைத் தேய்க்கவே இல்லை. பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் படமெடுத்து, பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். கடையில் கேட்டாலும் அந்தத் துண்டை மட்டும் கையைவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.