சைகஸ் குருத்தைத் தின்பது யார்?

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டியில் வளர்க்கும் சைகஸ் செடி புதுக் குருத்து விட்ட நாள் முதல், கட்டைவிரல் நகமளவே உள்ள நீல நிறப் பட்டாம்பூச்சிகள் அதையே சுற்றி வருகின்றன. இப்போது குருத்துகள் அரிக்கப்பட்டுக் காய்ந்துவிட்டன, எறும்பும் மொய்க்கிறது. எறும்புப் பொடி தூவினால் போதுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எறும்பின் மேல் பழி போட வேண்டாம், தின்றது அந்தப் பட்டாம்பூச்சியின் புழு. பிளெய்ன்ஸ் கியூபிட் என்று அறியப்படும் இதன் அறிவியல் பெயர் லூத்ரோடெஸ் பாண்டவா. ஆணின் மேற்புறம் ஊதா கலந்த நீலமாகவும், பெண்ணுக்கு நடுவில் மட்டும் நீலமும் ஓரமெல்லாம் பழுப்புமாகவும் இருக்கும். உட்கார்ந்ததும் பெரும்பாலும் சிறகை மூடிக்கொள்வதால், அடிப்புறத்தைப் பார்ப்பதே எளிது: சாம்பல் பழுப்பில் வெண்வளையமிட்ட கரும்புள்ளிகள், பின்சிறகின் கோடியில் ஆரஞ்சுப் பிறை சூடிய ஒரு கரும்புள்ளி, அதையொட்டி மயிரிழை போன்ற வால். மாதவரம் பக்கம் புல்தரையில் தாழப் பறக்கும் வெளிர்புல் நீலனுக்கு வால் கிடையாது; அதன் புழு புளியாரையைத் தின்னுமே தவிர சைகஸைத் தொடாது.

பெண் பூச்சி, இன்னும் சுருள் விரியாத இளங்குருத்தாகத் தேடி முட்டையிடும். சில நாட்களில் பொரிந்து வரும் புழு, தட்டையாக, பச்சையாகவோ செந்நிறமாகவோ குருத்தோடு குருத்தாக ஒட்டிக் கிடப்பதால் எளிதில் கண்ணில் படாது. முற்றிய இலை விறைத்துவிட்டால் அதனால் கடிக்க முடியாது என்பதால், சைகஸ் ஒரே வீச்சில் குருத்து விடும் குறுகிய காலத்துக்குள் தின்று வளர்ந்து, இலைக்காம்பின் அடியிலோ தண்டின் இடுக்கிலோ கூட்டுப்புழுவாகிவிடும். முட்டை முதல் பட்டாம்பூச்சி வரை ஏறத்தாழ மூன்று வாரம்தான். புழுவின் முதுகில், பின்பகுதியில் உள்ள சுரப்பி இனிப்பு நீரைக் கசியவிடும். எறும்பு தன் உணர்கொம்பால் தட்டித் தட்டி அதைப் பருகிவிட்டு, புழுவைத் தேடி வரும் எதிரிகளை விரட்டும். ஆகவே பொடி தூவினால் காவல்தான் போகும், தின்பது நிற்காது.

ஒரு முறை விட்ட குருத்தை இதற்கு விட்டுக்கொடுப்பதில் பெரிய நட்டமில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் இதே கதையானால் செடி நலியும் என்பதால், அடுத்த குருத்து தலைகாட்டியதுமே கொசுவலைத் துணியால் மூடி, இலை விறைத்த பின் எடுத்துவிடுங்கள். அரிபட்ட இலைகளை இப்போது வெட்ட வேண்டாம். பச்சை மிச்சமிருக்கும் வரை அவை செடிக்கு உணவு தயாரிக்கும்.