செவ்வாய், புதன் லீவு

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஒரு விமான நிலையக் கோபுரத்தில், விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் கன்ட்ரோலர் வேலைக்குப் பயிற்சியில் இருக்கிறான். வார விடுமுறை செவ்வாயும் புதனும். தீபாவளிக்கும் வரவில்லை, என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. வேலை நேரமும் ஒரு நாள் சாயங்காலம், ஒரு நாள் விடிகாலை, ஒரு நாள் ராத்திரி என்று மாறிக்கொண்டே இருக்கிறது. சனி, ஞாயிறைச் சீனியர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்னப் பையன்கள் தலையில் கட்டுகிறார்கள் என்கிறார் என் கணவர். மேலதிகாரியிடம் பேசி மாற்றிக்கொள் என்றால் பையன் சிரிக்கிறான். இது அநியாயமில்லையா?

ஒரு வாசகி, டெக்சஸ்

அன்புள்ள அம்மா,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. அங்கே வார விடுமுறையைச் சீனியாரிட்டி வரிசையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பல வருடம் சர்வீஸ் போட்டவர் முதலில் கைவைப்பார். சனி, ஞாயிறு அவரோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் விமானம் பறக்கிறதே, யாராவது உட்காரத்தானே வேண்டும்? அன்றைய வேலைக்கு 25 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. இதை மகன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் பயிற்சியில் இருப்பவருக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. கோபுரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இருக்கை, அதைப் பொசிஷன் என்பார்கள். சான்று வாங்காத பொசிஷனில் அவன் தனியாக மைக்கைத் தொட முடியாது. பயிற்றுநர் பக்கத்திலேயே ஹெட்செட்டோடு இருப்பார். பையன் தப்பான உத்தரவு கொடுத்தால் குறுக்கே புகுந்து திருத்துவார். அந்த நேரத்தில் வானத்துக்குப் பொறுப்பு அவர்தான். அவருக்குச் செவ்வாய், புதன் லீவு என்றால் இவனுக்கும் அதே நாட்கள் அமைவது நல்லது. அடம்பிடித்துச் சனி, ஞாயிறு வாங்கினால் வாரத்தில் இரண்டு நாள் அவர் இல்லாமல் போவார். வேறு யாராவது உட்காருவார், அவர் இன்னொரு விதமாகச் சொல்லித்தருவார். தரையில் நகரும் விமானங்களைப் பார்க்கும் கிரவுண்டுக்குத் தனிச் சான்று, ஓடுபாதையைப் பார்க்கும் லோக்கலுக்குத் தனிச் சான்று. தேறாவிட்டால் அந்தக் கோபுரத்தில் நீடிக்க முடியாது. பையன் சிரித்ததில் அர்த்தம் இருக்கிறது.

சரி, கிழமையை விடுங்கள். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று அவனிடம் கேளுங்கள்.

அமெரிக்கக் கன்ட்ரோலர்களிடம் 'ராட்லர்' என்று ஒரு பழைய அட்டவணை உண்டு. செவ்வாய், புதன் லீவுள்ளவருக்கு அது முன்பெல்லாம் இப்படி இருந்தது. வியாழன் மாலை 3 மணியிலிருந்து இரவு 11 வரை. வெள்ளி மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை. சனி காலை 7 மணிக்கே வர வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்கு வந்து மதியம் 2 மணிக்குப் போய், அன்றிரவே 10 மணிக்குத் திரும்ப வந்து, திங்கள் காலை 6 வரை. ஐந்து ஷிஃப்ட் முடிந்தது. அடுத்த வியாழன் 3 மணி வரைக்கும் 81 மணி நேரம் சுதந்திரம். இதனால்தான் பலருக்கு இந்த அட்டவணை பிடித்திருந்தது. நிர்வாகம் மட்டும் திணித்தது என்று சொல்லிவிட முடியாது. விலை எங்கே என்றால், ஞாயிறு மதியத்துக்கும் இரவுக்கும் நடுவிலுள்ள அந்த எட்டு மணி நேரம். பட்டப்பகலில் யாருக்குத் தூக்கம் வரும்?

2006 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில், விடியும் முன் கோமேர் நிறுவனத்தின் ஒரு விமானம் தவறான ஓடுபாதையில் கிளம்பி விழுந்தது. 49 பேர் இறந்தார்கள். தப்பு விமானிகளுடையது என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் கோபுரத்தில் தனியாக இருந்த கன்ட்ரோலர், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் கிடைத்த ஒன்பது மணி நேரத்தில் தூங்கியது சுமார் இரண்டு மணி நேரம். 2011 மார்ச்சில் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில், தொடர்ந்து நான்காவது இரவு வேலை பார்த்தவர் தூங்கிவிட, இரண்டு பயணிகள் விமானங்கள் கோபுரத்தின் பதிலே இல்லாமல் இறங்கின. அதற்கு அடுத்த மாதம்தான் குறைந்தபட்ச இடைவெளியை எட்டிலிருந்து ஒன்பது மணி நேரமாக்கினார்கள். ஒரே ஒரு மணி நேரம்! 2024 ஏப்ரலில், நிபுணர் குழு அறிக்கைக்குப் பிறகு, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 10 மணி நேரம், இரவு ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் 12 மணி நேரம் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்குப்படி மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமையைப் போடவே முடியாது. (1981இல் வேலைநிறுத்தம் செய்த கன்ட்ரோலர்கள் வாரத்துக்கு 32 மணி நேர வேலை கேட்டார்கள். அப்போதைய அதிபர் ரீகன் 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பினார். அதே ரீகன் பெயரில்தான் அந்த விமான நிலையம்.)

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 'ராத்திரி'தான். நள்ளிரவுக்கு மேல் பெரும்பாலான கோபுரங்களில் விமானம் குறைவு. கற்கிற பையனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? பகலில் கற்றது மனதில் படியத் தூக்கம் வேண்டும், அதுவும் போகிறது. மேலதிகாரியிடமோ யூனியன் பிரதிநிதியிடமோ பேசுவதாக இருந்தால், சான்று வரும்வரை இரவு வேண்டாம் என்று மட்டும் அவன் கேட்டுப் பார்க்கட்டும். லீவு நாளைத் தொட வேண்டாம்.

கல்யாணத்துக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். எல்லாப் பொசிஷனிலும் சான்று வைத்திருக்கும் ஒருவரின் வேலையை இவன் எப்படி வாங்கிக்கொள்வான்? சான்று முழுதாகக் கிடைத்த பிறகு அந்த வசதியும் வரும். அதுவரை, அங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலையே வசதியான சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கின்றனவே, நீங்கள் தீபாவளியைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். அப்புறம், ராத்திரி வேலை முடித்து வந்தவனைக் காலை பத்து மணிக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள்.

அன்புடன்